எழுத்தை எண்ணும் விதி எங்கே இருக்க வேண்டும்?



கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், பயப்படும்படி எதுவும் இல்லை. "டீச்சருக்கு எதுக்கு டேட்டாபேஸ்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சின்னக் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள். இன்று பேசப்போவதும் எழுத்தைப் பற்றித்தான்.

என் கருத்து இதுதான். தமிழ்ச் சொற்களையும் பெயர்களையும் வைத்துக் கணக்குப் பார்க்கிற நிரல் எழுதுகிறவர்கள், மொழியின் விதியை ஆளாளுக்குத் தங்கள் நிரலுக்குள் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த விதியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு செயற்கூறாக ஒரே தடவை எழுதி, அதற்குப் பெயர் வைத்து, எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். செயற்கூறு என்பது ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் வரும் வார்த்தைதான், ஆபீசில் நீங்கள் 'ஃபங்ஷன்' என்பீர்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒரு விடையைத் திருப்பித் தரும். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேங்கிக்கால். வே, ங், கி, க், கா, ல். ஆறு எழுத்து. திருவண்ணாமலை ஏழு எழுத்து. இரண்டாம் வகுப்புக் குழந்தை விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். இரண்டு பெயரையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போட்டு நீளம் கேளுங்கள். இரண்டுக்கும் 12 என்று சொல்லும். மைஎஸ்க்யூஎல்லில் 'லெங்த்' என்று கேட்டால் இரண்டுக்கும் 36 என்று வரும். இது இயந்திரத்தின் பிழை இல்லை. யுனிகோடில் 'வே' என்பது 'வ' ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என்று இரண்டாகப் பதிவாகிறது. 'ல்' என்பது 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிக் குறிகளையும் சேர்த்து எண்ணினால் 12. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிப்பதால் 36. நாம் எழுத்து என்பதும் இயந்திரம் எழுத்து என்பதும் வேறு வேறு. அதை யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் தெருவில் நடக்கும் மாலை வகுப்பு உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குச் சொல் அட்டைகள் தயாரிக்க, வெளியூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். சில ஆயிரம் சொற்களைத் தட்டச்சு செய்து தரவுத்தளத்தில் ஏற்றினார்கள். இரண்டெழுத்துச் சொல் ஒரு கட்டு, மூன்றெழுத்து ஒரு கட்டு, நான்கெழுத்து ஒரு கட்டு என்று பிரித்து அச்சடித்தார்கள். ஒரு கட்டை முடித்த குழந்தை அடுத்த கட்டுக்குப் போகும். யார் எந்தக் கட்டில் நிற்கிறார்கள் என்று வாரா வாரம் ஓர் அறிக்கை வரும். நல்ல ஏற்பாடு.

ஆனால் நீளத்தை இயந்திரத்தின் கணக்கிலேயே எடுத்துவிட்டார்கள். 'மரம்' அதற்கு நான்கு. 'அம்மா' ஐந்து. 'தாத்தா', 'பாட்டி' இரண்டும் ஆறு. நமக்கு இவை எல்லாமே மூன்றெழுத்து. விளைவு, குழந்தைக்கு முதன்முதலில் தெரிகிற சொற்கள் எல்லாம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. நான்காம் கட்டில் தேங்கி நின்ற குழந்தை 'அம்மா' அட்டையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அறிக்கையில் மட்டும் 'மூன்றெழுத்துச் சொற்களோடு நிற்கிறாள்' என்று வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓர் அம்மா என்னிடம் வந்து, "என் பொண்ணு மக்கா டீச்சர்?" என்று கேட்டார். நான் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுச் சிலேட்டில் 'தாத்தா' என்று எழுதிக் காட்டினேன். படித்தாள். 'அம்மா', 'அப்பா', 'பாட்டி' எல்லாம் கடகடவென்று படித்தாள். ஒரு தாளில் அச்சாகிவிட்ட எண்ணை ஏழை வீட்டுத் தாய் எவ்வளவு நம்புகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விஷயத்தைச் சொன்னதும் மூன்று பேரும் உடனே திருத்தினார்கள். தங்கமான பிள்ளைகள். ஆனால் மூன்று பேரும் மூன்று விதமாகத் திருத்தினார்கள். பெங்களூரில் இருப்பவன் பைத்தானில் ஓர் எழுத்தெண்ணும் செயற்கூறு எழுதிக்கொண்டான். சென்னையில் இருப்பவள் ஆர் மொழியில் எழுதிக்கொண்டாள். மூன்றாமவன் தன் மடிக்கணினியில் எஸ்க்யூலைட்டோடு ஒன்று வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் 'லக்ஷ்மி' என்ற சொல் ஒருவன் பட்டியலில் மூன்றெழுத்து, இன்னொருவர் பட்டியலில் நான்கெழுத்து. ஆளுக்கொரு படியை வைத்துக்கொண்டு ஒரே களத்தில் நெல் அளந்த கதைதான்.

அப்போது நான் சொன்னது: "படி ஒன்றுதான் இருக்கணும். அது களத்திலேயே இருக்கணும்." களம் என்றால் தரவுத்தளம். சொற்கள் அங்கேதானே கிடக்கின்றன?

போஸ்ட்கிரெஸ்ஸில் இதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. கொடுத்த சொல்லிலிருந்து துணைக்கால், கொம்பு, புள்ளி முதலான குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணு. எழுத்தெண்ணும் செயற்கூறின் அடிப்படை இவ்வளவுதான். ஒரு வரியில் முடியும். தரவுத்தளத்துக்குள்ளேயே பைத்தானை ஓட்டவும் வழி உண்டு. ஆனால் அதற்கு உச்ச உரிமை கேட்கும், வாடகைச் சேவைகளில் பல நேரம் கிடைக்காது. இந்த வேலைக்கு எஸ்க்யூஎல்லே போதும்.

எழுதி வைத்த பிறகு, பெங்களூர்க்காரனின் பைத்தான் நிரலில் எழுத்தெண்ணும் விதியே கிடையாது. தரவுத்தளத்திடம் கேள்வி அனுப்பும்போது அந்தச் செயற்கூறின் பெயரைக் கேள்விக்குள் எழுதுகிறான். சொல்லும் அதன் எழுத்து எண்ணிக்கையும் சேர்ந்தே அட்டவணையாகப் பாண்டாஸுக்கு வந்துவிடும். சென்னைக்காரிக்கு இன்னும் சுலபம். ஆர் மொழியில் 'டிபிபிளையர்' என்ற தொகுப்பு, தனக்குத் தெரியாத செயற்கூறின் பெயரைக் கண்டால் அதை அப்படியே தரவுத்தளத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே அவள் ஏதோ ஆர் மொழியின் செயற்கூறைக் கூப்பிடுவதுபோலச் சாதாரணமாக எழுதலாம், வேலை நடப்பது அங்கே. எஸ்க்யூலைட் வைத்திருப்பவனுக்குத்தான் சங்கடம். அதற்குள் இப்படிச் செயற்கூறை நிரந்தரமாகக் குடிவைக்க முடியாது. ஒவ்வொரு தடவை இணைப்பைத் திறக்கும்போதும் பைத்தானிலிருந்து 'இந்தப் பெயருக்கு இந்தச் செயற்கூறு' என்று பதிவு செய்ய வேண்டும், மூடினால் போய்விடும். ப்ளஸ் டூ புத்தகத்தில் பைத்தானோடு எஸ்க்யூலைட்டைத்தான் சொல்லித் தருகிறார்கள். படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனத்தில் வையுங்கள். தனி ஆள் வேலைக்கு அது போதும். நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கு விதி பொதுவான இடத்தில் இருக்க வேண்டும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

தரவுத்தளத்தில் 'ஔவை' என்று தேடினோம். பாதிதான் கிடைத்தது. மீதி எங்கே என்று பார்த்தால், 'ஒளவை' என்று இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் ஔகாரம் ஒரே எழுத்து. இரண்டாவதில் யாரோ 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டியிருக்கிறார்கள். ஔவையார் ஓரிடத்தில் இரண்டெழுத்து, இன்னோரிடத்தில் மூன்றெழுத்து! கௌரி, கெளரி. மௌனம், மெளனம். கிரிவலத்துக்கு நம்மூர் முழுக்க ஒட்டும் அறிவிப்புகளைப் பாருங்கள், பௌர்ணமியைப் பாதிப் பேர் 'பெளர்ணமி' என்றுதான் அடித்திருப்பார்கள். அண்ணாமலையார் மன்னித்துவிடுவார். தரவுத்தளம் மன்னிக்காது.

போஸ்ட்கிரெஸ்ஸில் யுனிகோடை ஒழுங்குபடுத்தும் செயற்கூறு ஒன்று 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. 'கோபால்' என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒப்பிட்டால் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். அதை இந்தச் செயற்கூறு சரியாக்கிவிடும். ஆனால் ஔகாரத்துக்குப் பதில் ளகரம் தட்டியதை அது தொடாது. அதன் கணக்கில் 'ள' வேறு எழுத்து. ஆகவே நாமே எழுத வேண்டும்.

எழுதினார்கள். 'ஒள' என்று வரும் இடமெல்லாம் 'ஔ' ஆக்கு, எகரக் கொம்புக்கும் ளகரத்துக்கும் பதில் ஔகாரக் குறி போடு. நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தது. "அடப்பாவி, 'ஒளி' என்ன ஆகும்? 'வெள்ளி' என்ன ஆகும்? 'தெளிவு'?" என்று கேட்டேன். எல்லாம் உருக்குலைந்திருக்கும். பிறகு உட்கார்ந்து யோசித்து விதியைக் குறுக்கினோம். ளகரத்தின் மேல் எந்தக் குறியும் புள்ளியும் இல்லாமல், அடுத்தாற்போல இன்னோர் எழுத்தும் வந்தால் மட்டும் மாற்று. 'ஒளவை'யில் 'ள' வெறும் 'ள'. 'ஒளி'யில் அதன்மேல் இகரம் ஏறியிருக்கிறது. 'வெள்ளி'யில் புள்ளி இருக்கிறது. பிழைத்தோம்.

இந்த விதியை ஒரு நல்ல நிரலாளர் தனியாக எழுதியிருக்க முடியாது. நானும் தனியாக எழுதியிருக்க முடியாது. இருவரும் ஒரே பலகையைப் பார்க்க வேண்டும். விதி அவன் நிரலில் நானூறாவது வரியில் புதைந்து கிடந்தால் நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? தரவுத்தளத்தில் தனிப் பெயரோடு நாலு வரியில் இருந்தால், எனக்கு வாசித்துக் காட்டினாலே போதும், தப்பைச் சொல்லிவிடுவேன். தரவுத்தளத்தில் வை என்று நான் அடம்பிடிப்பதன் காரணம் வேகம் இல்லை. மொழி தெரிந்தவர் கண்ணில் அந்த விதி பட வேண்டும்.

பெயரையும் தமிழிலேயே வையுங்கள் என்றேன். முடியாது என்றார்கள். பிறகு முயன்று பார்த்தார்கள், போஸ்ட்கிரெஸ் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை, பெயர் 63 பைட்டுக்குள் அடங்க வேண்டும். நான் சொன்ன பெயர் 'தமிழ்_எழுத்து_எண்ணிக்கை'. கூட்டிப் பார்த்தால் 65 பைட். அது என்ன செய்தது தெரியுமா? ஓர் அறிவிப்பு கொடுத்துவிட்டுக் கடைசி ஐகாரக் குறியைக் கத்தரித்து 'எண்ணிக்க' என்று பதிந்துகொண்டது. செயற்கூறுக்கே எழுத்துப்பிழை! இப்போது 'எழுத்தெண்' என்று சுருக்கமாக வைத்திருக்கிறோம்.

பெங்களூர்க்காரன் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர், டேட்டாபேஸுக்குள்ள விதியை வைச்சா யார் எப்ப மாத்தினாங்கன்னே தெரியாது. என் நிரல்ல இருந்தா கிட்-ல வரலாறு இருக்கும்" என்றான். நியாயமான கேள்வி. ஒருநாள் ஒருவன் உள்ளே போய்ச் செயற்கூறை மாற்றிவிட்டால், அதைக் கூப்பிடுகிற எல்லா நிரலின் விடையும் சத்தமில்லாமல் மாறிவிடும். ஒரே படி வைப்பதில் உள்ள ஆபத்து அதுதான், படியில் ஓட்டை விழுந்தால் எல்லோருக்கும் குறையும். அதற்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். செயற்கூறை உருவாக்கும் கட்டளையைத் தனிக் கோப்பாகக் கிட்டில் வைத்து, அங்கிருந்து மட்டுமே தரவுத்தளத்தில் ஏற்றுவது ஒன்று. இன்னொன்று என் வேலை: சிக்கலான சொற்களாகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான எண்ணிக்கையை என் கையால் எழுதிக் கொடுத்தேன். தேர்வுத் தாளுக்கு விடைக்குறிப்பு மாதிரி. விதியை யார் தொட்டாலும் முதலில் அந்தப் பட்டியலில் தேற வேண்டும். அதில் வேங்கிக்காலும் உண்டு, அஃதும் உண்டு. (ஆய்த எழுத்தை மறந்துவிடாதீர்கள் பிள்ளைகளே, ஓரெழுத்து அது.)

செயற்கூறின் விடைமேல் இண்டெக்ஸ் போட்டு வைத்திருப்பவர்கள், விதி மாறினால் அதை மறுபடி கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்குள் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை எத்தனை அட்டை படித்தால் அடுத்த கட்டுக்குப் போகலாம் என்பது நாங்கள் அடிக்கடி மாற்றிப் பார்க்கிற விஷயம். அது அவர்கள் நிரலிலேயே இருக்கட்டும். 'அம்மா' மூன்றெழுத்து என்பது வாரத்துக்கு வாரம் மாறாது, அதனால் அது பொது இடத்துக்குப் போகிறது. அதேபோல ஏற்கெனவே இருப்பதை மறுபடி எழுத வேண்டியதில்லை. அகர வரிசை என்று சொன்னாலே ஆளாளுக்கு ஒரு செயற்கூறு எழுதக் கிளம்புகிறார்கள். யுனிகோடு எண் வரிசையில் விட்டால் அனிதா, அமுதாவுக்கு முன்னால் வந்து நிற்பாள், ஏனென்றால் அதில் 'ன', 'ந'வுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய். அம்பிகாவும் அமலாவுக்குப் பின்னால் போய்விடுவாள், புள்ளி வைத்த எழுத்து முதலில் வர வேண்டும் என்பது எண் வரிசைக்குத் தெரியாது. ஆனால் இதற்கான தமிழ் வரிசைமுறை 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸ்ஸில் உள்ளது. அதைக் கேட்டு வாங்கினால் போதும். நம் பழைய மாணவர் பட்டியலை அப்படித்தான் வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்க 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். நாங்களும் எங்கள் விடையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரியவர்கள் சிலர், "டேஸ்-16 குறியீட்டைப் பிடித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்பார்கள். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்த குறியீடு அது. தமிழ்நாடு அரசு 2010-இல் யுனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. உண்மைதான், அதில் 247 எழுத்தையும் எண்ணுவது எளிது. ஆனால் உலகமே யுனிகோடில் தட்டச்சு செய்கிறது. என் பேரக்குழந்தையின் போனும் அதில்தான். வருகிற தரவை வருகிற வடிவத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒரு வழக்கு தீரவில்லை, 'க்ஷ'. குறிகளை நீக்கி எண்ணினால் அது இரண்டெழுத்து. 'ஸ்ரீ'யும் அப்படியே. இலக்கணம் படித்த தமிழாசிரியர் ஒருவர், அவை தமிழெழுத்தே இல்லை, எண்ணிக்கைக்குள் கொண்டு வராதே என்கிறார். என் அபிப்பிராயம் வேறு. வகுப்பறை அட்டையில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் இருக்கிறது. குழந்தை ஒரே எழுத்தாகத்தான் பார்க்கிறது, ஒரே மூச்சில்தான் படிக்கிறது. அட்டை குழந்தைக்காக. ஆகவே ஒன்று என்று எண்ணச் சொல்லியிருக்கிறேன். 'எழுத்தெண்' இப்போதைக்கு அப்படித்தான் எண்ணுகிறது, ஏன் அப்படி என்ற காரணமும் செயற்கூறோடு குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. லக்ஷ்மி மூன்றெழுத்து. மறுப்புள்ளவர்கள் கீழே எழுதுங்கள். குறிப்பாக அந்தப் பெயர் வைத்திருக்கும் மூன்று பேர்!

ஔகார விதிக்கு விதிவிலக்கு அகப்படுமா என்பதும் பாக்கி இருக்கிறது. 'ஒ'கரத்துக்கோ எகரக் கொம்புக்கோ பின்னால் வெறும் 'ள' வந்து, அதன்பின் இன்னோர் எழுத்தும் வருகிற உண்மையான தமிழ்ச் சொல் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒன்று கிடைத்தாலும் விதியை மாற்ற வேண்டும். இந்த ஞாயிறு மாலை நாலரைக்கு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல் பட்டியலை முழுக்க ஒரு தடவை பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்தான் அதிகம் தேவை. கண்ணாடி மறக்காமல் எடுத்து வாருங்கள். மோர் உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்